தனியாக வந்து போவாளா?

ஜனவரி 3, வெள்ளி

இன்றைக்கு என் எதிர்காலத்தைப் பச்சை அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். லேமினேஷன் செய்திருக்கிறது. மழையில் நனைந்தாலும் என் எதிர்காலத்துக்கு ஒன்றும் ஆகாது.

கொடுத்தவர் எஸ்தர் மேடம், புதிதாக வந்திருக்கும் சிறப்புப் பயிற்றுநர். வெள்ளிக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் வருவாராம். பிளஸ் டூ முடிக்கப்போகும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே இருக்கும் வாழ்க்கைக்குத் தயார் செய்வது அவர் வேலை. எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி இரண்டு பேர். நான் ஒருத்தி. பெயர் செண்பகவல்லி. மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி, வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல ஒரு பேச்சு. இன்னொருத்தி முத்துமாரி. அவளுக்குக் கைகால் எல்லாம் தேக்கங்கட்டை. புத்தி மட்டும் ஆறு வயதில் உட்கார்ந்துவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"உன் கனவு என்ன?" என்று மேடம் கேட்டார். குனிந்து, என் முகத்துக்கு நேரே வந்து, கிணற்றில் விழுந்தவளைக் கூப்பிடுவதுபோல. எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"காலேஜ். வரலாறு."

"வராதா? ஏன் வராது? எல்லாம் வரும் செல்லம்!" என்று கன்னத்தைக் கிள்ளினார்.

அட்டையில் 'கனவு' என்ற இடத்தில் 'காகித உறை தயாரித்தல்' என்று இருக்கிறது. என் வலது கை ஒரு காகிதத்தைப் பிடித்தால் அது கசங்கித்தான் வெளியே வரும். இந்த நாட்குறிப்பைக்கூட இடது கை ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் செல்போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அதைக் கவனிக்கவும் மேடத்துக்குக் கண் இல்லை.

ஜனவரி 10, வெள்ளி

இரண்டாவது மேதைமை: என்னையும் மாரியையும் ஜோடி சேர்த்திருக்கிறார்கள். அவள் என்னைத் தள்ளுவாளாம், நான் அவளுக்கு வாசித்துச் சொல்வேனாம். ஒரு காலும் ஒரு தலையும் சேர்ந்தால் முழு மனுஷி என்று யாரோ பயிற்சி முகாமில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

மாரி எதைச் சொன்னாலும் சிரிப்பாள். எதைக் கேட்டாலும் ஆமா என்பாள். "நீ கழுதையா?" என்று கேட்டேன். "ஆமா" என்றாள். 

ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கேட்டது அவளுக்கு முதல் தடவையிலேயே புரிந்தது. அம்மாவுக்கு அடுத்தபடியாக அப்படிப் புரிந்துகொள்ளும் ஒரே ஆள் இவள் என்பதை நினைத்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஜனவரி 24, வெள்ளி

பள்ளிக்கூட வாசலில் டவுன் பஸ் பயிற்சி. மாரி பஸ் ஏற வேண்டும், இரண்டு நிறுத்தம் போய் இறங்க வேண்டும், திரும்பி வர வேண்டும். மேடம் பின்னாலேயே ஸ்கூட்டரில் போகிறார், அமைச்சருக்குப் பாதுகாப்புப் போவதுபோல. சக்கர நாற்காலியை ஏற்றுகிற பஸ் எங்கள் ஊரில் இல்லை. அதனால் நான் மரத்தடியில் உட்கார்ந்து செல்போனில் 'மதிப்பீட்டுத் தாள்' நிரப்ப வேண்டும். இறங்கினாளா, ஆம், இல்லை.

மாரிக்குப் பலகை வாசிக்க வராது. டிரைவர் மீசை, கண்ணாடியில் தொங்கும் மாலை, கண்டக்டர் காதில் சொருகிய பென்சில் என்று ஏதேதோ அடையாளம் வைத்திருக்கிறாள். அதுவும் போதாமல் கண்டக்டரிடம் மூன்று தடவை கேட்கிறாள். கேட்க அவளுக்கு வெட்கமே இல்லை. முட்டாள்களுக்கு இருக்கும் ஒரே வசதி அது.

எஸ்தர் மேடத்துக்கு இதற்குள் எப்படியோ 'வரலாறு' புரிந்துவிட்டது. லேமினேஷனைப் பிரிக்க முடியாததால் காகித உறையின் மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். "மன்னிச்சிரு செண்பகம், தப்பாக் கேட்டுட்டேன்" என்றார். ஸ்டிக்கரில் கல்லூரிக்கு ஒற்றுப்பிழை.

"காலேஜ்ல உன்ன யாரு பாத்துக்கிடுவா? அத யோசிச்சியா?" என்றும் கேட்டார்.

யோசிக்க ஒன்றுமில்லை. இங்கே எப்படி நடக்கிறதோ அப்படித்தான். அம்மா இதே பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலர். ஒன்றரை மணிக்கு முந்தானையில் சாம்பார் வாசனையோடு வருவாள், என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிப்பறையில் இருக்கவைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து போடுவாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை. அதுவே போதும். எனக்கு இயல்பாகவே தாகம் எடுப்பதில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மாரி தூக்கினாள். அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல, பேச்சே இல்லாமல். மற்றவர்கள் தூக்கினால் "அச்சச்சோ", "பாத்து பாத்து" என்று ஒரு ஒப்பாரி வைப்பார்கள்.

பிப்ரவரி 14, வெள்ளி

எஸ்தர் மேடத்தின் பிள்ளைக்குக் காய்ச்சல், வரவில்லை. ஊருக்கு வெளியே கடலைமிட்டாய் கம்பெனி வைத்திருக்கும் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி, பாக்கெட் போடும் பிரிவில் மாரிக்கு வேலை கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறாராம். இன்று மேடம் அவளை அந்த நிறுத்தம்வரை பஸ்ஸில் அனுப்பிப் பார்ப்பதாக இருந்தது. "இன்னைக்கு இல்ல, மேடம் வரல" என்று மாரியிடம் சொன்னேன்.

"மேடம் இல்லாட்டி என்ன, பஸ்ஸு இருக்குல்லா" என்று சொல்லிவிட்டுப் போய் ஏறிவிட்டாள்.

நான் என் பாட்டுக்கு மௌரியப் பேரரசு படித்துக்கொண்டிருந்தேன். வாசலைப் பார்க்கவில்லை. ஒன்று ஐம்பத்தாறுக்குப் போனவள் இரண்டு ஐம்பத்திரண்டுக்கு வந்தாள். கம்பெனி வாசல்வரை போய், காவலாளியிடம் "நா இங்கதான் வேலைக்கு வரப்போறேன்" என்று அறிவித்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அவர் ஒரு கடலைமிட்டாய் கொடுத்தாராம். பாதியைத் தின்றுவிட்டு மீதியை எனக்காகக் கையில் வைத்திருந்தாள். வியர்வையில் பிசுபிசுத்துப் போயிருந்தது. என் வாயில் வைத்தாள். துப்ப முடியவில்லை.

"தனியாப் போனேன், தனியா வந்தேன்" என்று நாலு தடவை சொன்னாள். ஏதோ டில்லிக்குப் போய்விட்டு வந்ததுபோல.

பிப்ரவரி 21, வெள்ளி

கம்பெனிக்கு எங்களை ஆட்டோவில் கூட்டிப் போனார் எஸ்தர் மேடம். அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல மனிதர்கள் என்னைப் பார்த்ததும் செய்வதை அவரும் செய்தார். மேலே பார்த்துக் கைகூப்பினார்.

மாரியைப் பாக்கெட் போடும் பெண்கள் உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் மேடம், நான். அந்தப் பக்கம் அண்ணாச்சி.

"வேலையெல்லாம் செஞ்சிருவா மேடம், கையப் பாத்தாலே தெரியுது. எனக்கு ஒரே ஒரு கவலதான். தினமும் தனியா வந்து போவாளா? வழியில ஒண்ணு ஆச்சுன்னா நான்லா பதில் சொல்லணும்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "போன வாரம் தனியா வந்துட்டுப் போனேன்னு மாரி சொல்லுதா. அவ எல்லாத்துக்கும் ஆமான்னுதான் சொல்லுவா. அதான் உன்கிட்ட கேக்கேன். நெசமாவே போனாளா? தனியா விட்டா வந்து போயிருவாளா? நீதான் கூட இருந்து பாக்க. நீ என்ன சொல்லுதியோ அதுதான்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். வாக்கியத்தை எனக்காக முடித்துவைக்கவில்லை. அண்ணாச்சியும் காத்திருந்தார். பதினேழு வருஷத்தில் இரண்டு பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"இல்ல" என்றேன்.

இருவருக்கும் முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது.

மாரி வெளியே வந்தாள். தலையில் வெள்ளைத் துணித் தொப்பி. இங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் போட்டுக்கொள்வது. "எனக்குக் குடுத்துட்டாங்க!" என்றாள். "அப்புறம் பாப்போம் தாயி" என்று அண்ணாச்சி தானே எழுந்துவந்து அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார். ஆட்டோவில் வழி முழுக்க மாரி தலையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி 22, சனி

பஸ் நிற்காமல் போனால் என்ன செய்வாள்? கண்டக்டர் மாறினால்? ஒரு தடவை போனதெல்லாம் கணக்காகாது. பொறுப்புள்ள யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

மார்ச் 3, திங்கள்

தமிழ்ப் பரீட்சை. நான் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆசிரியரை வேறு பள்ளியிலிருந்து போட்டிருந்தார்கள். திருக்குறளை நான் சொன்னபடி எழுதாமல், அவருக்குத் தெரிந்தபடி எழுதினார். அவருக்குத் தெரிந்தது தப்பு. மறுத்துத் தலையாட்டினேன். வலிப்பு வருகிறதென்று தண்ணீர் தெளித்தார்.

மார்ச் 25, செவ்வாய்

பரீட்சை முடிந்தது. அறிவில் என்னைவிடக் கீழே இருக்கும் ஒருவரின் கையெழுத்தில் என் வாழ்க்கை மதுரையிலோ எங்கேயோ ஒரு மேஜையில் கிடக்கிறது.

ஏப்ரல் 16, புதன்

மாரியின் அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் வந்து எங்கள் அம்மாவிடம் புலம்பினாள். "வேலைக்கும் ஆகாதுன்னுட்டாங்க. வீட்ல வச்சுப் பூட்டிட்டுப் போறேன். நாள் பூரா சன்னல்கிட்டயே நிக்கா. என்ன செய்யன்னு தெரியலக்கா."

அம்மா இதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்தாள். நான்தான் வழி சொன்னேன். நான் கல்லூரிக்குப் போகும்போது மாரி துணைக்கு வரட்டும். வராந்தாவில் உட்கார்ந்திருக்கட்டும், தேவைப்படும்போது என்னைத் தூக்கட்டும். அவளுக்கும் பொழுது போகும். "என் பிள்ளைக்கு எம்புட்டு நல்ல மனசு" என்றாள் அம்மா.

அம்மா அவித்திருந்த சுண்டல் ருசியாக இருந்தது. நிறையத் தின்ன முடியவில்லை.

மே 8, வியாழன்

அறுநூற்றுக்கு 497. திருக்குறள் தவறாகப் போயும்.

எஸ்தர் மேடம் ஸ்கூட்டரில் வந்து விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். இந்தத் தடவை கன்னத்தைக் கிள்ளவில்லை. "மாரிக்கு வேற எடம் தேடிக்கிட்டே இருக்கேன், எல்லாரும் அதே கேள்விதான் கேக்காங்க, தனியா வருவாளான்னு" என்றார். விண்ணப்பத்தில் அப்பா பெயரை எழுத்துப்பிழையோடு அடித்திருந்தார். அதைத் திருத்தச் சொல்வதில் நான் மும்முரமாக இருந்தேன்.

ஜூன் 4, புதன்

சேர்க்கை. பள்ளி திறந்துவிட்டதால் அம்மாவுக்குச் சமையல். அப்பா லாரியோடு நாக்பூர் பக்கம். மாரிதான் என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டு, இறக்கி, தள்ளிக்கொண்டு போனாள்.

மேஜையிலிருந்த எழுத்தர் என்னைத் தாண்டி மாரியைப் பார்த்துக் கேட்டார். "இந்தப் பொண்ணு பேரு என்ன? எழுதப் படிக்கத் தெரியுமா?"

கால் இருப்பவளிடம்தான் கேட்பார்கள். எனக்குப் பழக்கம். மாரிக்குப் பழக்கமில்லை.

"அவகிட்ட கேளுங்க. அவதான சேருதா. நா சேரல."

"அவ சொல்லுறது புரியாதும்மா."

"மெதுவாக் கேட்டா புரியும். எனக்கே புரியுது!" என்றாள் மாரி, அந்த அறையே திரும்பிப் பார்க்கும்படி.

எழுத்தர் மெதுவாகக் கேட்டார். புரிந்தது. வரலாறு கிடைத்தது.

திரும்பும்போது கல்லூரி வாசல் நிறுத்தத்தில் ஆட்டோவுக்குக் காத்திருந்தோம். மாரி கேட்டாள். "நாளைக்கும் வரணுமா?"

"தொறந்ததும் தினமும்."

"தினமுமா?" என் முன்னால் வந்து நின்றாள். "எனக்கு மிட்டாய் கம்பெனிதான் புடிக்கும். அண்ணாச்சி ஏன் வேண்டாம்னாரு? நா என்ன தப்பு செஞ்சேன்? பஸ்ல சரியாத்தான போனேன்?"

இதற்கு என்னிடம் நல்ல பதில்கள் நாலைந்து இருந்தன. வாயில் வந்தது வேறு.

"நீ சரியாத்தான் போன. நாந்தான் பொய் சொன்னேன். நீ தனியா வர மாட்டன்னு அண்ணாச்சிகிட்ட சொன்னேன்."

முதல் தடவையிலேயே புரிந்துகொள்ளும் அவள், "நீயா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். மறுபடி "நீயா?" என்றாள்.

பிறகு என்னைத் தள்ளிக்கொண்டுபோய் வேப்பமர நிழலில் நிறுத்தினாள். சக்கரம் உருளாமல் பிரேக்கைப் போட்டாள். ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். டவுன் பஸ் வந்தது. கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டாள், ஏறினாள், போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

செல்போனில் அம்மாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அடுப்படியில் அவள் எப்போதும் எடுக்கமாட்டாள்.

இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேர் கடந்து போனார்கள் என்று எண்ணவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. விளக்குமாற்றுக் கட்டோடு ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். அவளைக் கூப்பிட்டேன்.

"என்ன தாயி? வெளங்கல. திருப்பிச் சொல்லு."

சொன்னேன். வெளங்கவில்லை. எச்சில் ஒழுகியது. அவள் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள், நான் கேட்காமலேயே. ஐந்தாவது தடவையில், "மிட்டாய் கம்பெனியா! அத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?" என்றாள். விளக்குமாற்றுக் கட்டை என் மடியில் வைத்துத் தள்ளத் தொடங்கினாள். ஒரு கிலோமீட்டர். வழி முழுக்க மருமகளைத் திட்டினாள். நான் அண்ணாச்சியிடம் பேசப்போகும் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். மாரிக்காக நான் வாதாடப் போகும் அழகை நினைத்து எனக்கே கொஞ்சம் மெய்சிலிர்த்தது. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

உள்ளே போனால், அப்போதுதான் வந்து உட்கார்ந்த அண்ணாச்சியின் மேஜைக்கு முன்னால் மாரி நிற்கிறாள்.

"யாரு கூட்டிட்டு வந்தா உன்ன?"

"யாரும் கூட்டிட்டு வரல. பஸ்ல வந்தேன். கண்டக்டர் செவப்புக் கயிறு கட்டியிருந்தாரு. ரெண்டாவது நிறுத்தம். நா எறங்கிட்டேன். வேல குடுங்க."

அண்ணாச்சி வாசல் காவலாளியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"தனியாத்தான் வந்துச்சு அண்ணாச்சி. இதுக்கு முன்னயும் வந்துச்சே, மாசியில ஒருக்கா. நாந்தான் மிட்டாய் குடுத்து அனுப்பினேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கைகூப்பவில்லை. "நீதான அன்னைக்கு வர மாட்டான்ன?"

அடுக்கி வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "பொய்" என்றேன்.

"எதுக்கும்மா அப்படிச் சொன்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாரி பதில் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை. "நா அவளத் தூக்கணும்லா. அதுக்கு."

ஆறு வயதுப் புத்தி என்று எழுதிய டாக்டரை நினைத்துக்கொண்டேன். அந்தத் தாளை ஜனவரியிலிருந்து வேதவாக்காக வைத்துக்கொண்டிருந்தவளையும்.

ஜூன் 5, வியாழன்

மாரி திங்கட்கிழமை வேலையில் சேருகிறாள். எஸ்தர் மேடம் போனில் அழுதுகொண்டே சொன்னார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "உன்ன மட்டும் கேட்டேன், அவள நம்பல. அது என் தப்பு" என்றார். திட்டியிருந்தால் அவரை இன்னும் கொஞ்ச நாள் வெறுத்துக்கொண்டிருக்கலாம்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அம்மா இரவுச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 2, புதன்

கல்லூரி மூன்றாம் நாள். முதல் நாள் முதல்வர் என்னை மேடையில் நிறுத்திப் "போராளி" என்றார். கீழே இறங்க வழி வைக்காத மேடை. நாலு பேர் தூக்கி இறக்கினார்கள், போராளியை.

இரண்டு நாள் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நேற்று சாயந்திரம் தலை சுற்றி, வீட்டில் வாந்தி. ஆக, எனக்குத் தாகம் எடுக்கும். எல்லோரையும் போல எடுக்கும்.

இன்று பக்கத்தில் இருந்த சபூராவிடம் கேட்டேன். "என்னைப் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நாலாவது தடவை, ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தபோது, வகுப்பு முழுவதும் கேட்டது. முன் வரிசையில் ஒரு சிரிப்பு. சபூரா இன்னொருத்தியையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். எப்படித் தூக்குவதென்று இருவருக்கும் தெரியவில்லை. சுவரில் என் முழங்கையை இடித்தார்கள். "அச்சச்சோ" என்றார்கள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். அதையும் நாலு தடவை.

ஜூலை 13, ஞாயிறு

மாரி வந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு. அவள் அம்மா அனுப்பவில்லை, தானாகத்தான் வந்தாள். அம்மா காப்பி கொடுத்தாள். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குடித்தாள். பாக்கெட் ஒட்டும் சூட்டு மெஷினில் விரல் சுட்டுவிட்டதாம். எனக்குக் காட்டினாள்.

மன்னிப்புக் கேட்டேன். 

"நீ கெட்டவ" என்றாள்.

"ஆமா."

"நா அழுதேன். தெனமும் அழுதேன்."

அதற்கு எதைச் சொன்னாலும் என் பக்கம் நியாயம் தேடுவதாகவே இருக்கும். அவள் காப்பியை ஊதிக்கொண்டிருந்தாள்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். நாளைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆய்வு, அதிகாரி வருகிறாராம், விடியற்காலையே போயாக வேண்டும். என்னை யார் ஆட்டோவில் ஏற்றுவது என்று காலையிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மாரி முன்னாலேயே உட்கார்ந்திருக்க, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏட்டி, நாளைக்கு ஒரு நாள் மாரி உன்கூட வருவாளா?"

வருவாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. சொல்லியிருந்தால் வந்தும் இருப்பாள்.

"அவகிட்ட கேளும்மா" என்றேன்.

அம்மா மாரி பக்கம் திரும்பினாள். மாரி கடைசி மடக்கைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தாள்.

"முடியாதுக்கா. எனக்கு வேல இருக்கு."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, நாலேகால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகவேகமாக நடந்து போனாள்.